இளமை மட்டை, ஐந்தாம் பதிப்பு

நம்ம ஆளுக்கு வயது நாற்பத்து நான்கு. சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அவர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் வயது என்று ஒன்று கிடையாது. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இருபத்திரண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவருக்கும் இருபத்திரண்டு. 'இங்கே நேற்று என்பது இல்லை' என்று வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். சம்பள உயர்வு கேட்டுப் போகிறவர்களுக்கு நாளை என்பதும் இல்லை, ஆனால் அதை எழுதிப் போடவில்லை.

அங்கே எல்லோரும் எல்லோரையும் 'ப்ரோ' என்றுதான் கூப்பிட வேண்டும். முதலாளியையும் அப்படித்தான். அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார் என்ற விஷயம் அவருடைய முழங்காலுக்குத் தெரியும், தலைமுடிக்குத் தெரியாது. நம்ம ஆளை முதுகுக்குப் பின்னால் 'பெருசு' என்றார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவர் கோபித்துக்கொள்கிற ஜாதி இல்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்.

மட்டை வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த நிறுவனத்தில் எல்லோரும் வட்டமாக நின்று, எது நன்றாக நடந்தது, எதை மேம்படுத்தலாம் என்று வண்ணச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு நாள் இளசு ஒன்று எழுதி ஒட்டியது: 'புதுசா என்ன யோசனை சொன்னாலும், இதை முன்னாடியே செஞ்சு பார்த்துட்டோம்னு யாராவது சொல்றாங்க. மனசு கஷ்டமா இருக்கு.' முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே பஞ்சு அடைத்த மட்டை ஒன்றை வாங்கி வந்தார். இனிமேல் கூட்டத்தில் யார் பழைய கதையைப் பேசினாலும், அந்த அறையில் இருப்பவர்களில் வயதில் இளையவர் அவர் தலையில் ஒன்று போட வேண்டும். அதுதான் விதி. பொத்தென்று ஒரு சத்தம் வரும், எல்லோரும் சிரிப்பார்கள். பெருசும் சிரித்தார். அங்கேதான் தப்பு நடந்தது.

சாஃப்ட்வேர்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் சும்மா விடமாட்டார்கள், மேம்படுத்திவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில், 'மட்டை நல்லா இருக்கு, ஆனா செய்தி போய்ச் சேரல' என்று ஒரு சீட்டு வந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டாம் பதிப்பு கெட்டி பிளாஸ்டிக்கில் வந்தது. அதில் காதோரம் தடித்தவர்கள் சிலர் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்கவே இல்லை. 'பாருங்க, வேலை செய்யுது' என்றார் முதலாளி. மூன்றாம் பதிப்பு மரம். பிடி வழுக்காமல் இருக்க ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அடிக்கிறவருடைய மணிக்கட்டு பாதிக்கப்படக் கூடாதல்லவா? ஊழியர் நலனில் அந்த நிறுவனத்தைக் குறை சொல்லவே முடியாது.

மரமட்டை வந்த வாரம் பெருசுக்கு நாக்கில் சனி. பொதுவாகத்தான் கேட்டார், "ஏன் ப்ரோ, மட்டையே இல்லாம இருந்தோமே, அப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

எல்லோர் கண்ணும் மட்டை இருந்த மூலைக்குப் போனது. மட்டை இல்லாத காலம் என்பது கடந்த காலம். மட்டையை எடுத்துவிடலாம் என்று சொல்ல வேண்டுமானால் மட்டையில்லாத காலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பேசினால் மட்டை. இவ்வளவு கச்சிதமாக ஒரு விதியை யாரும் வேண்டுமென்றே எழுத முடியாது, தானாக அமைந்தால்தான் உண்டு. அன்றைக்கு இளையவளாக இருந்த பெண், "சாரி ப்ரோ" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் ஓங்கி இடது நெற்றிப் பொட்டில் போட்டாள். பெருசு நாற்காலியோடு சாய்ந்தார்.

பெருசின் மனைவி எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண் டாக்டரிடம் அவளே இழுத்துக்கொண்டு போனாள். இடது கண்ணுக்குள் விழித்திரை பாதி கழன்று தொங்கியது, ஒட்ட வைத்திருக்கிறேன், தலையில் இன்னொரு அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்று டாக்டர் சொன்னார்.

"வேலையை விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"நாற்பத்து நாலு வயசுல என்னை எவன் சேர்த்துப்பான்? எல்லா ஆபீஸ்லயும் இப்ப மட்டை வெச்சிருக்காங்களாம். சில இடத்துல ஆணி வெச்சதாம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வேலை பாருங்க. அதுக்கும் நான்தான் பழக்கணுமா?"

பழக்கத்தான் செய்தாள். தினமும் சாப்பிட்டு முடித்ததும் கையில் கரண்டியோடு எதிரே உட்கார்ந்து கேட்பாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"எனக்கு ஞாபகமில்லைங்க."

"நமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"ஞாபகமில்லைங்க."

"என் பேரு?"

பெருசு தயங்குவார். கரண்டி மணிக்கட்டில் விழும். "தயங்கினீங்கன்னா மாட்டிக்குவீங்க. யோசிக்காம சொல்லணும்." இப்படியாக, உலகத்திலேயே புருஷன் தன் பெயரை மறக்க வேண்டுமென்று பாடுபட்ட ஒரே மனைவி அவளாகத்தான் இருக்கும்.

அவள் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பெருசுக்கு இரண்டு மேசை தள்ளிக் கண்ணாடிக்காரர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு முழுதும் அழிந்துபோனது. எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது அவர் தன்னையறியாமல், "நான் அப்பவே சொன்னேன்" என்றுவிட்டார். விதிப்படி இளையவர் அடிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அறையில் ஒரே வகுப்பில் படித்த ஏழு பேர் இருந்தார்கள். யார் இளையவர் என்று தீர்மானிக்க முடியவில்லை. யாருடைய வாய்ப்பும் பறிபோகக் கூடாது என்பதால் ஏழு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொன்று போட்டார்கள். நான்காவது அடியில் கண்ணாடி உடைந்தது. ஐந்தாவதில் அவர் கீழே விழுந்துவிட்டதால் மீதி இரண்டு பேர் குனிந்து அடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பெருசின் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "உங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் முகத்தை இன்னிக்கு என் கையால மூடினேன்" என்றாள்.

மனிதவள அதிகாரி அன்று மாலையே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். இவரை மட்டும் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள், ப்ரோ என்று கூப்பிட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. 'நமது அன்புக்குரிய சகா புதிய சவால்களைத் தேடி நம்மை விட்டுச் சென்றிருக்கிறார். அவருடைய பயணம் சிறக்க வாழ்த்துவோம்.' கீழே பலூன் படம்.

மறுநாள் கூட்டத்தில் மேடம் விளக்கமும் கொடுத்தார். "ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். நம்ம கம்பெனி வயசைப் பார்த்து யாரையும் அடிக்கிறதில்ல. அது சட்டப்படி குத்தம். எல்லா வயசுக்காரங்களுக்கும் ஒரே மட்டை, ஒரே வேகம். சிலர் உடையறாங்கன்னா அது அவங்க அவங்க எலும்போட தனிப்பட்ட விஷயம். அதுல கம்பெனி மூக்கை நுழைக்காது."

கைதட்டினார்கள். பெருசும் தட்டினார். பக்கத்து இருக்கையில் சோதனைப் பிரிவு அக்காவும் தட்டினாள். நிரல்களில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. நாற்பத்தொன்பது வயது. பெருசுக்கு அந்த அலுவலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சிநேகம். காபி இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, சத்தமில்லாமல், ஒருவருக்கொருவர் கடந்த காலத்தைக் கொஞ்சம் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் சிகரெட் பிடிக்கப் போவார்கள் இல்லையா, அதைப்போல.

அப்போதுதான் ராக்கெட் வந்தான். அவன் பெயர் என்னவோ, வேகத்தைப் பார்த்து எல்லோரும் ராக்கெட் என்றார்கள். இருபத்து மூன்று வயது. கெட்டவன் இல்லை, சொல்லிவிட வேண்டும். வந்த முதல் வாரமே சீட்டு எழுதி ஒட்டினான்: 'மட்டையால் அடிக்க மனிதர்கள் எதற்கு? தானியங்கியாக்கலாமே!' முதலாளி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான்காம் பதிப்பு அப்படித்தான் பிறந்தது. பெரிய கூடத்தின் கூரையில் தண்டவாளம் பதித்தார்கள். அதில் ஓடுகிற மாதிரி ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் மட்டை. சுவரெங்கும் ஒலிவாங்கிகள். யாராவது பழசைப் பேசினால் கை தானாகவே ஓடிவந்து அடித்துவிட்டுப் போகும். 'முன்னாடி', 'அப்போ', 'அப்பவே', 'ஏற்கெனவே', 'போன தடவை', 'போன வாரம்' என்று எந்தெந்தச் சொல்லுக்கு அடி விழ வேண்டும் என்று ராக்கெட் ஒரு பட்டியல் போட்டான். பக்கத்து மேசையில் இருந்த பெருசின் பார்வை தற்செயலாக அதில் விழுந்தது. 'மறுபடியும்' என்ற சொல்லும் அதில் இருந்தது.

பெருசு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். "ப்ரோ, அந்த 'மறுபடியும்' வேண்டாமே. ரெண்டாவது அடி விழுந்தா யாரா இருந்தாலும் 'ஐயோ, மறுபடியுமா'ன்னுதானே கத்துவாங்க? அதுக்கு இன்னொண்ணு விழும். அதுக்கும் கத்துவாங்க. எப்படி நிக்கும்?"

ராக்கெட் நிமிர்ந்தான். குரலில் நக்கல் இல்லை, உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டான். "எப்படித் தெரியும் ப்ரோ?"

பெருசு வாயைத் திறந்தார். எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறார், அதனால் தெரியும். வேறொரு நிறுவனத்தில், வேறொரு நிரலில், தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நிற்காமல் சுற்றியதை நேரிலேயே பார்த்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு இருக்கிற ஒரே பதில் அதுதான், அதைச் சொன்னால் கண் போய்விடும்.

"சும்மா தோணுச்சு ப்ரோ" என்றார்.

"தோணுறதையெல்லாம் கணக்குல எடுக்க முடியாதே" என்று ராக்கெட் திரும்பிக்கொண்டான்.

வெள்ளோட்டம் வைத்தார்கள். கையின் அடியில் நின்று முதல் அடி வாங்க 'அனுபவசாலி' ஒருவர் வேண்டும். மேடம் பட்டியலைப் பார்த்து அக்காவைத் தன்னார்வலராக நியமித்தார். அக்கா காபி இயந்திரத்துக்குப் பின்னால் வந்து பெருசின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு அடின்னுதான் சொல்லியிருக்காங்க. தோள்ல விழற மாதிரி வெச்சிருக்காங்களாம். ஒண்ணோட நின்னுடும்ல?"

பெருசு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நின்னுடும்க்கா" என்றார். சொல்லிவிட்டு நேராகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

வெள்ளோட்டத்தன்று காலையில் இன்னொரு கூத்து. முதலாளி தன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உரை எந்த நாளும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நான் இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சப்போ, என்கிட்ட இருந்தது ஒரு பழைய லேப்டாப், ரெண்டு உடைஞ்ச நாற்காலி…" இத்தனை நாளாக மட்டை அவர் பக்கம் போனதே இல்லை. சம்பளம் கொடுக்கிறவர் தலையில் எந்த இளசு அடிக்கும்? ஆனால் இரும்புக் கை சம்பளம் வாங்கவில்லையே! அது ராக்கெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஓடிவந்து உட்கார்ந்து, முதலாளியின் குரலுக்கு மட்டும் அடி கிடையாது என்று படபடவென்று தட்டினான். மூலப் பிரதியில் அல்ல, நேராக இரும்புக் கைக்குள்ளேயே.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரலுக்கு மூலப் பிரதி என்று ஒன்று உண்டு. புதுப் பதிப்பு எப்போதும் அதிலிருந்துதான் பிறக்கும். அவசரத்துக்கு ஓடுகிற இயந்திரத்திலேயே கையை வைத்து எதையாவது திருத்தினால், அப்புறம் மறக்காமல் மூலப் பிரதியிலும் அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதில் அடிபட்டிருப்பார்கள். ராக்கெட் இன்னும் படவில்லை.

"அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து ஓடினான். பெருசு பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூடம் நிரம்பி வழிந்தது. அக்காவை நடுவில் நிற்கவைத்து ஒரு வாக்கியம் எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள். அவள் படித்தாள்: "இதை நாம் முன்னாடியே செய்து பார்த்துவிட்டோம்."

கூரையில் உருளைகள் கடகடவென்று ஓடின. கை வந்தது, தோளில் இறங்கியது. உலர்ந்த குச்சியை ஒடிப்பது போன்ற சத்தம். அக்கா முழங்காலில் விழுந்தாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் அக்கா முனகினாள், "அம்மா, முன்னாடியே சொன்னேனே, எனக்குத் தோள் சரியில்லன்னு…"

கை திரும்பி வந்தது.

"ஐயோ, மறுபடியுமா!"

மூன்றாவது அடி முதுகில். "மறுபடியும்… மறுபடியும் அடிக்குதே!" நான்காவது, ஐந்தாவது. அக்காவின் வாயிலிருந்து வந்த ரத்தம் பளபளவென்ற தரையில் மெதுவாகப் பரவியது. முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ராக்கெட், "நிறுத்துற பட்டன்! நிறுத்துற பட்டன் எங்க?" என்று கத்தினான். நிறுத்தும் பொத்தான் அடுத்த பதிப்பில் வருவதாக இருந்தது.

பெருசின் சட்டைப்பையில் கண் டாக்டரின் சீட்டு இருந்தது. வீட்டில் கரண்டியோடு ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அடி அக்காவின் தலையில்தான் விழும் என்பது கையின் சாய்வைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். மனுஷன் மேசை மேல் ஏறினார்.

"ஏய் இரும்பு! இங்க பாரு! நான் அப்பவே சொன்னேன்!"

கை நடுவழியில் நின்றது. மெல்லத் திரும்பியது.

"ஏற்கெனவே பார்த்திருக்கேன்டா இதையெல்லாம்! பில் போடுற மென்பொருள்ல பார்த்தேன், பஸ் டிக்கெட்ல பார்த்தேன்! நிறுத்துற பட்டன் வைக்காம அந்தக் காலத்துல ஒருத்தன் பாக்கெட்டுல மாவு ரொப்புற மெஷினுக்கு எழுதினான், ஃபேக்டரி பூரா மாவு! பத்து வருஷத்துக்கு முன்னாடி சோதனை பண்ணாம ஒண்ணை அனுப்பி, ஒரு ஊருக்கே ரெண்டு தடவை கரண்டு பில் போச்சு! அதை எழுதினவன் நான்தான்டா! நான்தான்!"

இருபத்து மூன்று வருஷ அனுபவத்தையும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே மேசை மேசையாகத் தாவி ஓடினார். கை தண்டவாளத்தில் பின்னாலேயே ஓடியது. திரைகள் நொறுங்கின. பூந்தொட்டி பறந்தது. வழியில் ஒரு பையன் ராக்கெட்டைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, பிரேக் வைடான்னு!" என்றான். அவனுக்கு முன்பற்கள் நான்கும் போயின. அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், "வந்ததுமே திரும்பிப் போயிருக்கணும், அப்பவே தோணுச்சு" என்று அழுதாள். அரை நாள் அனுபவத்துக்கு அவளுடைய முழங்கை விலை. ராக்கெட்டும், "போன வாரமே பெருசு சொன்னாரே!" என்று தலையில் கைவைத்தான். அந்தக் கையோடு சேர்த்து நெற்றியும் பிளந்தது.

இத்தனைக்கும் நடுவில் முதலாளி மேடையில் நின்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டேயிருந்தார். "நான் இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சப்போ… அந்த ரெண்டு நாற்காலில ஒண்ணுக்குக் கால் கிடையாது…" கை அவரைத் தாண்டித் தாண்டிப் போனது. ஒரு முடிகூட அசையவில்லை.

கடைசியில் பெருசு மூலையில் மாட்டிக்கொண்டார். மட்டை இடது பக்கமாக வந்தது. உள்ளே ஏதோ அறுந்தது, பாதி உலகம் கறுப்பானது. இரண்டாவதாக ஓங்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. சுவர்த் திரையில் எழுத்துகள் வந்தன: 'புதுப்பிப்பு நிறுவப்படுகிறது. தயவுசெய்து அணைக்க வேண்டாம்.' ஆட்களை அப்புறப்படுத்த அவ்வளவு நேரம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டது மனைவிதான். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கத்தரியை வைத்துவிட்டு அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "அந்தக்கா பிழைச்சுக்கிட்டாங்க" என்றாள். கட்டின் நுனியைச் செருகிவிட்டு, "மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அதையாவது எனக்காக வெச்சிருங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

பெருசை வேலையைவிட்டுத் தூக்கவில்லை. அதுதான் வேடிக்கை. ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். முதலாளி அவர் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "ரெண்டு கண்ணும் இருந்தப்போ இவர் ஒரு கண்ணால பின்னாடியே பார்த்துக்கிட்டிருந்தார். இப்ப பாருங்க, இருக்கிறது ஒண்ணு, அது முன்னாடி மட்டும்தான் பார்க்குது! வளர்ச்சின்னா இதுதான் ப்ரோ!" மேடம் சால்வைக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் போட்ட கண்பட்டை ஒன்றை மாட்டிவிட்டார்.

அந்த வெள்ளோட்டத்தைப் பற்றிய கூட்டத்தில், 'எதை மேம்படுத்தலாம்' என்ற பகுதியில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. முதலாளியே எழுதியது: 'ஒரு கை போதவில்லை.'

ஐந்தாம் பதிப்பில் இரண்டு கைகள். ராக்கெட்தான் எழுதினான். நெற்றியில் தையல் தழும்போடு, சிரிப்பே இல்லாமல், மூலப் பிரதியிலிருந்து புதுப் பதிப்பைக் கட்டினான். 'மறுபடியும்' என்ற சொல்லை எடுத்துவிட்டான். ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களிடம், சும்மா தோணுச்சு என்றான்.

தொடக்க விழாவுக்குக் கூடம் மறுபடியும் நிரம்பியது. நான் சொல்லலாம், எனக்கு மட்டை இல்லை. இந்த முறை ஒரு வித்தியாசம். வந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தலைக்கவசம் இருந்தது. முன்பல் போன பையன், முழங்கை போன பெண், தோளில் கட்டோடு அக்கா, எல்லோரிடமும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மேடம் சந்தேகமாக, "இதென்ன?" என்றார். "ஸ்டைல் மேடம், இப்ப இதுதான் டிரெண்ட்" என்றான் ஒருவன். மேடம் தலையசைத்துவிட்டுத் தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளி மட்டும் வேண்டாமென்றுவிட்டார். முடிக்கு அன்றுதான் சாயம் அடித்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா ராக்கெட்? பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

ராக்கெட் விசையில் கை வைத்தான். வைத்தவன் அப்படியே உறைந்தான். அவன் பார்வை முதலாளியிடம் போனது, முதலாளியின் கையிலிருந்த மைக்குக்குப் போனது, அங்கிருந்து நேராகப் பெருசிடம் வந்தது. முதலாளியின் குரலுக்கு அடி கிடையாது என்று வெள்ளோட்டத்தன்று காலையில் அவசரமாகத் தட்டிய அந்த வரி, 'அப்புறம் சேர்த்துக்கலாம்' என்ற அந்த ஒரு வரி, மூலப் பிரதியில் சேரவே இல்லை.

"போன…" என்று ஆரம்பித்தான்.

கூடத்தில் ஐம்பது அறுபது கவசங்களின் வார் மாட்டும் சத்தம் கேட்டது.

"என்ன ராக்கெட்? ஏதாவது பிரச்சினை வரும்ங்கறியா? எப்படித் தெரியும்?"

ராக்கெட் நெற்றித் தழும்பைத் தடவினான். இருபத்து மூன்று வயதில் அவன் முகம் கண்ணாடிக்காரரின் முகம் மாதிரி இருந்தது. "இல்ல ப்ரோ" என்றான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

முதலாளிக்குத் திருப்தி. யார் பக்கம் திரும்பினால் கைதட்டல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். "நம்ம ஹீரோ என்ன சொல்றார்? நீங்கதான் அதிகம் அடிபட்டவர். ஏதாவது எச்சரிக்கை இருந்தா இப்பவே சொல்லிடுங்க ப்ரோ. நம்ம கம்பெனில எல்லாரும் மனசுவிட்டுப் பேசலாம்."

பெருசு எழுந்து நின்றார். மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். இன்னும் இயக்கவில்லை, இப்போது சொன்னால் பெருசுக்கும் ஒன்றும் ஆகாது, அந்த மனுஷனும் பிழைத்துக்கொள்வார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. குனிந்து அடித்த இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். பலூன் படம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அக்கா ஒற்றைக் கையால் கவசத்தின் வாரை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து அக்காவின் வாரை மாட்டிவிட்டார். நிமிர்ந்தார். தயக்கமே இல்லாமல் சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்க."

"இதுதான் இளமை!" என்று முதலாளி துள்ளினார். கூடம் அதிரக் கைதட்டியது. ராக்கெட் கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினான். கூரையில் இரண்டு கைகளும் சோம்பல் முறித்தன. முதலாளி மேடையின் நடுவுக்கு வந்து, சாயம் போட்ட முடியைக் கோதிவிட்டு, மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"நான் இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சப்போ…"

நமது அன்புக்குரிய நிறுவனர் புதிய சவால்களைத் தேடி நம்மை விட்டுச் சென்றிருக்கிறார் என்ற மின்னஞ்சல், கைகள் ஓய்வதற்கு முன்பே எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. பலூன் படம்கூட இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி எழுதினீர்கள் என்று மேடத்திடம் ஒருவரும் கேட்கவில்லை.